கடிகாரம் பார்க்கும் மருந்துகள்

வைரஸ் எதிர்ப்பு மருந்தின் பலத்தில் பாதி டாக்டர் எழுதும் சீட்டில் இருக்கிறது. மீதிப் பாதி, அதை வேளை தவறாமல் கொடுக்கும் நர்சின் கையில்.

2021 டிசம்பர் 27. கொல்கத்தாவின் பெஹாலா பகுதிவாசியும் அப்போதைய கிரிக்கெட் வாரியத் தலைவருமான சவுரவ் கங்குலிக்கு கோவிட் இருப்பது உறுதியானது. அதே ஆண்டு ஜனவரியில்தான் அவருக்கு மாரடைப்பு வந்து, இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். எனவே யாரும் காத்திருக்கவில்லை. அன்றிரவே உட்லண்ட்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அன்றிரவே வைரசைத் தடுக்கும் ஆன்டிபாடி 'காக்டெயில்' அவர் உடலில் ஏற்றப்பட்டது. டிசம்பர் 31 அன்று வீடு திரும்பிவிட்டார்.

அதற்கு எட்டு மாதம் முன்பு, 2021 ஏப்ரல் கடைசியில், சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் வேறொரு காட்சி. கையில் டாக்டரின் சீட்டு, நோயாளியின் ஸ்கேன் அறிக்கை, ஆதார் நகல் ஆகியவற்றோடு நூற்றுக்கணக்கானவர்கள் வெயிலில் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் கேட்டது ஒரே மருந்து: ரெம்டெசிவிர். கூட்டம் சமாளிக்க முடியாமல் போனதால் மே மாதம் விற்பனை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றப்பட்டது. பிறகு, மருத்துவமனைகளுக்கே நேராகக் கொடுப்பது என்று அரசு முடிவு செய்தது. இதற்கிடையில் கள்ளச் சந்தையில் நகையை அடகு வைத்து அதை வாங்கியவர்களும் உண்டு.

இரண்டு காட்சிகளுக்கும் இடையே பணமும் செல்வாக்கும் ஒரு வித்தியாசம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மருந்தியலின் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வேறு. கங்குலிக்கு மருந்து போனது நோய் உறுதியான முதல் இரவில். கீழ்ப்பாக்கத்தில் வரிசையில் நின்றவர்களின் உறவினர்களில் பெரும்பாலோர் அதற்குள் ஆக்சிஜன் படுக்கையில் இருந்தார்கள். அவர்கள் நோயின் இரண்டாவது வாரத்தில் இருந்தார்கள். அதாவது வைரஸ் தன் வேலையைப் பெருமளவு முடித்துவிட்டு, உடலின் சொந்த அழற்சியே நுரையீரலைத் தாக்கிக்கொண்டிருந்த கட்டத்தில்.

பின்னால் வந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு ரெம்டெசிவிர் பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. அதன் பல நாட்டு ஆய்வின் இறுதி முடிவின்படி, வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு மருந்தால் பலனே இல்லை. அதற்கு முந்தைய நிலையில் இருந்தவர்களுக்குச் சிறிய பலன். ஆனால் 2021 டிசம்பரில் வெளியான இன்னொரு ஆய்வில் அதே மருந்து, நோய் முற்றும் ஆபத்து உள்ளவர்களுக்கு அறிகுறி தோன்றிய ஏழு நாட்களுக்குள், மூன்றே நாள் கொடுக்கப்பட்டது. மருத்துவமனையில் சேரவேண்டிய ஆபத்து 87 சதவீதம் குறைந்தது. 2022 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனமும் இந்த வகை நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைத்தது. மருந்து மாறவில்லை. மாறியது அது கொடுக்கப்பட்ட நாள் மட்டுமே.

நர்சிங் மாணவர்கள் வைரஸ் எதிர்ப்பு மருந்துகளைப் படிக்கும்போது, நாக்கில் ஒட்டாத பெயர்களின் பட்டியல் ஒன்று அவர்கள் முன் நீட்டப்படுகிறது. 'விர்' என்று முடியும் இரண்டு டஜன் பெயர்கள். தேர்வு முடிந்ததும் அவை மறந்துபோகும். மறக்கக்கூடாத விஷயம் ஒன்றுதான்: இந்த மருந்துகள் வைரசைக் கொல்வதில்லை, அது நகல் எடுப்பதைத் தடுக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் - எத்தனை மணிக்கு ஒரு முறை, எத்தனை நாள், ஏன் நிறுத்தக்கூடாது - தானாகவே விளங்கும்.

பாக்டீரியா தனிக்குடித்தனம் நடத்தும் உயிர். அதற்குச் சொந்தச் சுவர் உண்டு, சொந்தமாகப் புரதம் தயாரிக்கும் அமைப்பு உண்டு. பெனிசிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் செய்கிறது. நம் செல்களுக்கு அப்படியொரு சுவர் இல்லாததால் நமக்குச் சேதமில்லை. வைரசுக்கோ சுவரும் இல்லை, சமையலறையும் இல்லை. வைரஸ் ஜலதோஷத்துக்கு அமாக்சிசிலின் வாங்கி விழுங்குவது ஏன் வீண் என்பதற்கு இதுவே பதில். உடைக்க அங்கே சுவரே கிடையாது.

பழைய அச்சகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வைரஸ் என்பது உறைக்குள் போட்ட ஒரு கையெழுத்துப் பிரதி, அவ்வளவுதான். காகிதம், மை, எந்திரம், ஆட்கள் எல்லாம் நம் செல்லினுடையவை. பிரதி வாசலைத் தாண்டி உள்ளே நுழைகிறது, அச்சுக் கோக்கப்படுகிறது, அச்சடித்த தாள்கள் வெட்டப்பட்டு பைண்டிங் ஆகின்றன, கடைசியில் கட்டுகளாக வெளியே அனுப்பப்படுகின்றன. அச்சகத்தையே கொளுத்தினால் வைரஸ் நிற்கும், நோயாளியும் இருக்கமாட்டார். ஆகவே இந்த நான்கு இடங்களில் ஏதாவது ஒன்றில், வைரசுக்கு மட்டும் இடைஞ்சல் செய்யவேண்டும். எல்லா வைரஸ் எதிர்ப்பு மருந்துகளின் தந்திரமும் இதுதான்.

வாசலில் நிற்பவை ஆன்டிபாடிகள். கங்குலிக்குக் கொடுக்கப்பட்டது இந்த வகை. உறையின் வடிவம் மாறினால் காவலாளி ஏமாந்துவிடுவார் என்பது இதன் பலவீனம். ஒமிக்ரான் பரவியதும் அந்தக் காக்டெயில் பலிக்காமல் போனது; 2022 ஜனவரியிலேயே அமெரிக்கா அதன் உபயோகத்தை நிறுத்திவைத்தது.

அச்சுக் கோக்கும் இடத்தில் இடைஞ்சல் செய்பவை ஏராளம். இவை போலி எழுத்துகள். பார்வைக்கு அசல் மாதிரியே இருப்பதால் வைரசின் நொதி அதை எடுத்து வரிசையில் வைத்துவிடும். ஆனால் அதற்கு அடுத்த எழுத்தை அதனுடன் கோக்க முடியாது. வரி பாதியில் நின்றுபோகும். 1960களின் தொடக்கத்தில் கண்ணில் வரும் ஹெர்பிசுக்குச் சொட்டு மருந்தாக வந்த ஐடாக்ஸியூரிடின் என்ற முதல் வைரஸ் எதிர்ப்பு மருந்தும் ஒரு போலி எழுத்துதான். ஆனால் அது நம் செல்லின் அச்சையும் கெடுத்ததால் உடலுக்குள் செலுத்த லாயக்கில்லை. எழுபதுகளில் ஜெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானியின் குழு கொண்டுவந்த அசைக்ளோவிர் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஹெர்பிஸ் வைரசின் நொதி ஒன்று தொட்டால்தான் அது செயல்படத் தொடங்கும். வைரஸ் இல்லாத செல்லில் சும்மா கிடக்கும். தன் குழிக்குத் தானே மண்வெட்டி எடுத்துக் கொடுக்கிறது வைரஸ். எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரிடம் டாக்டர் பட்டம்கூட இல்லை.

வெட்டி பைண்டிங் செய்யும் இடத்தைத் தடுப்பவை எச்.ஐ.வி.க்கான புரோட்டியேஸ் தடுப்பான்கள். வெளியே அனுப்பும் இடத்தைத் தடுப்பது ஃப்ளூ மருந்தான ஓசெல்டாமிவிர். 2009 பன்றிக்காய்ச்சலின்போது 'டாமிஃப்ளூ' என்ற பெயரில் இந்தியா முழுவதும் பிரபலமான அதே மருந்து. அதன் மூலப்பொருளான ஷிகிமிக் அமிலம் பெரும்பாலும் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்பட்டது. பல கட்ட ரசாயன மாற்றங்களுக்குப் பிறகே அது மருந்தாகிறது; பிரியாணி சாப்பிட்டு ஃப்ளூவை விரட்ட முடியாது.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். அச்சு வேலை முடிந்த பிறகு எந்திரத்தை நிறுத்தி என்ன பயன்? ஃப்ளூ வைரஸ் முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. எனவேதான் ஓசெல்டாமிவிரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்கிறார்கள். கர்ப்பிணி, முதியவர், ஆஸ்துமாக்காரர் ஆகியோர் விஷயத்தில் பரிசோதனை முடிவுக்காகக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

அக்கிக்கு 72 மணி நேரம். சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து, பல பத்தாண்டுகள் கழித்து ஒரு பக்கமாகக் கொப்புளம் கிளப்புவதுதான் அக்கி. தமிழகத்தின் கிராமங்களில் இன்றும் முதலில் போவது மண்பாண்டம் செய்பவரிடம். அவர் செங்காவி குழைத்து அக்கி எழுதுவார். காவியின் குளிர்ச்சி எரிச்சலுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் அதிலேயே நான்கைந்து நாள் போய்விட்டால், மாதக்கணக்கில் படுத்தும் நரம்பு வலிக்கு நோயாளி தயாராகவேண்டியதுதான். முகத்தில் கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. வங்காளத்திலும் நிலைமை பெரிதும் மாறுபட்டதல்ல. நமக்கு மாரியம்மன் என்றால் அங்கே சீதளா தேவி. பெஹாலாவில் வேலை பார்க்கும் நர்சும் பெரம்பலூரில் வேலை பார்க்கும் நர்சும் ஒரே கேள்வியைத்தான் கேட்கவேண்டும்: "கொப்புளம் கிளம்பி எத்தனை நாள் ஆச்சு?" நம்பிக்கையைப் பரிகசிக்காமல், எழுதிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, இன்றே மாத்திரையைத் தொடங்குங்கள் என்று சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். வாய்வழி அசைக்ளோவிர் என்றால் அது ஒரு நாளைக்கு ஐந்து வேளை. அந்த ஐந்து வேளையும் எந்தெந்த நேரம் என்று எழுதிக் கொடுப்பது டாக்டரின் சீட்டில் வராத நர்சின் வேலை.

ஹெர்பிஸ் மூளைக் காய்ச்சலில் இன்னும் கண்டிப்பு. சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஏழு பேர் வரை பிழைப்பதில்லை. அசைக்ளோவிரை எட்டு மணிக்கு ஒரு முறை, குறைந்தது இரண்டு வாரம் நரம்பில் ஏற்றவேண்டும். ஏன் எட்டு மணி? ரத்தத்தில் அந்த மருந்து சுமார் மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. டியூட்டி மாறும் சந்தடியில் இரவு 10 மணி டோஸ் 1 மணிக்குத் தள்ளிப்போனால் அந்த மூன்று மணி நேரம் அச்சகம் தடையின்றி ஓடும். அவசரத்துக்காக மருந்தை ஐந்து நிமிடத்தில் தள்ளிவிடுவதும் ஆபத்து. வேகமாகப் போனால் சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். எனவே ஒரு மணி நேரம் நிதானமாக இறங்கவேண்டும். நோயாளியின் உடலில் நீர் குறையக்கூடாது. சிறுநீர் அளவைக் குறிக்கவேண்டும். காரத்தன்மை அதிகமான திரவம் என்பதால் ஊசி நரம்பை விட்டு நழுவினால் தோல் புண்ணாகும். கையை அடிக்கடி பார்க்கவேண்டும்.

காலம் ஒரு வாழ்நாளாக நீள்வது எச்.ஐ.வி.யில். இந்தியாவில் அந்த வைரசை முதலில் கண்டுபிடித்தது சென்னையில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் ஆறு, வேலூர் சி.எம்.சி. பரிசோதனைக் கூடத்தில் நிறம் மாறின. அன்று உலகில் எங்குமே அதற்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. புற்றுநோய்க்காக 1964இல் தயாரித்து ஓரம்கட்டப்பட்ட ஏ.இசட்.டி. என்ற போலி எழுத்து, 1987இல் முதல் மருந்தாக அனுமதி பெற்றது. ஆனால் எச்.ஐ.வி. அவசரக்கார அச்சுக்கோப்பாளர், பிழைகள் ஏராளம். அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று மருந்தை ஏமாற்றக் கற்றுக்கொண்டுவிடும். எனவே ஒரு மருந்து போதவில்லை; 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் வைரஸ் அடங்கியது.

அன்று ஓர் ஆண்டு சிகிச்சைக்கு மேலைநாட்டுக் கம்பெனிகளின் விலை 10,000 டாலருக்கு மேல். 2001இல் மும்பையின் சிப்லா, 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகத் தரத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. கொல்கத்தாவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் அதற்கான மையம் இயங்குகிறது. இன்று பெரும்பாலானவர்களுக்கு நாளைக்கு ஒரே மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. முதல் இரண்டும் போலி எழுத்துகள். எச்.ஐ.வி. தன் பிரதியை அச்சகத்தின் நிரந்தரப் பேரேட்டிலேயே தைத்துவிடும் குணமுள்ளது. மூன்றாவது மருந்து அந்தத் தையலைத் தடுக்கிறது. ஏற்கனவே தைக்கப்பட்ட பக்கத்தைக் கிழிக்க இன்னும் மருந்தில்லை. அதனால்தான் ஆயுள் முழுதும் மாத்திரை. ஹெபடைடிஸ் சி வைரசுக்குப் பேரேட்டு வித்தை தெரியாது. பொதுவாக 12 வாரத்தில், நூற்றில் 95 பேருக்கு மேல் பூரண குணம். ஹெபடைடிஸ் பி தன் பிரதியை செல்லின் கருவில் ஒளித்துவைக்கிறது. உடம்பு தேறிவிட்டதென்று நோயாளி தானாக மாத்திரையை நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று மோசமாகலாம்.

இங்கே ஒரு சின்ன விஷயம், நர்ஸ் கவனிக்காவிட்டால் யாருமே கவனிக்காத விஷயம். கர்ப்பிணிகளுக்கு நாம் தவறாமல் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிடும் டோலுடெகிராவிரைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் மாத்திரை சாப்பிட்ட கணக்குதான் மிஞ்சும். ரத்தத்தில் மருந்து ஏறாது. எச்.ஐ.வி. மாத்திரையை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக அல்லது ஆறு மணி நேரம் கழித்துத் தரவேண்டும். இரும்பு, கால்சியம் மட்டும் என்றால் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கு டோலுடெகிராவிர் 12 மணி நேரம் கழித்து இன்னொரு டோஸ் தேவை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலம் நோய் பரவுவதில்லை. தாயின் சிகிச்சையோடு, பிறந்த உடனேயே குழந்தைக்கும் தடுப்பு மருந்து தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் நோயின்றித் தப்புகின்றன.

எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு என்ற மயக்கமும் கூடாது. இந்தியாவில் ரத்தக் கசிவு டெங்குவின் முதல் பெரிய தாக்குதலை 1963இல் சந்தித்த நகரம் கல்கத்தா. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் டெங்கு வைரசைத் தடுக்க அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. அங்கேயும் கடிகாரம் உண்டு, வேறு விதமாக: காய்ச்சல் இறங்கியதும் நோயாளி எழுந்து உட்காரும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நேரம். வயிற்று வலி, ஓயாத வாந்தி, குறையும் சிறுநீர் ஆகியவற்றை முதலில் பார்ப்பது படுக்கையருகே இருப்பவர்தான். நிபா இன்னும் கொடியது. 2001இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 66 பேரைத் தாக்கியது; அவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலர் மருத்துவமனை ஊழியர்களும் நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களும். 2018இல் கேரளத்தின் பேராம்பிராவில் நிபா நோயாளியைக் கவனித்த லினி என்ற நர்ஸ் உயிரிழந்தார். மருந்தில்லாத இடத்தில் முகக்கவசமும் கையுறையும் சோப்பும்தான் மருந்து.

நர்சின் சொந்த உயிருக்கான கடிகாரமும் ஒன்று உண்டு. பெஹாலாவிலோ வேறெங்கோ, ஊரைவிட்டு வந்து பாஷை புரிந்தும் புரியாமலும் இரவு டியூட்டி பார்க்கும் ஒரு மாணவியின் விரலில், எச்.ஐ.வி. நோயாளிக்குப் போட்ட ஊசி குத்திவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. பயத்தில் விரலைப் பிதுக்குவதோ வாயில் வைப்பதோ கூடாது. சோப்பும் தண்ணீரும் போதும். அடுத்து மருந்து. வைரஸ் பேரேட்டில் தைக்கப்படுவதற்குள் தடுத்துவிட்டால் தொற்று நிலைக்காது. முதல் டோஸ் இரண்டு மணி நேரத்துக்குள் போனால் உத்தமம். 72 மணி நேரத்துக்கு மேல் பலனில்லை. மொத்தம் 28 நாள். ஏ.இசட்.டி. மட்டுமே இருந்த காலத்திலேயே அதைச் சாப்பிட்ட ஊழியர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு 81 சதவீதம் குறைந்ததாக 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்றைய மூன்று மருந்துகள் அதைவிட வலுவானவை. தடுப்பூசி போடாதவருக்கு ஊசி வழியே ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்பு 30 சதவீதம் வரைகூடப் போகலாம். மாணவப் பருவத்திலேயே அந்தத் தடுப்பூசியின் எல்லா டோசையும் போட்டு முடிக்கவேண்டியது அதனால்தான்.

நடைமுறையில் அந்த இரண்டு மணி நேரத்தை விழுங்குவது மருந்துப் பற்றாக்குறையைவிட வெட்கமும் பயமும். சிஸ்டர் திட்டுவார், வீட்டுக்குத் தெரிந்துவிடும், வேலை போய்விடும் என்று நினைத்து விடியும்வரை வாயைத் திறக்காத மாணவிகள் இருக்கிறார்கள். ஊசி குத்தியது குற்றமல்ல என்று வார்டில் மூத்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும். பாதி நேரம் மிச்சம். மீதியை மாணவியே மிச்சப்படுத்தலாம். அவசர மருந்துப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது, ராத்திரியில் அதன் சாவி யாரிடம், யாருக்கு போன் செய்யவேண்டும் - இந்த மூன்று கேள்விகளும் எந்தத் தேர்விலும் வராது. முதல் இரவு டியூட்டிக்குப் போகும் முன் அவற்றுக்குப் பதில் தெரிந்திருக்கவேண்டும்.